குவானாஹுவாத்தோ: நடைவழிக் காட்சிகள்

குவானாஹுவாத்தோ, நடு மெக்சிகோவில் அதே பெயருடைய மாநிலத்தின் தலைநகராக, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்த ஸ்பானியக் குடியேற்றக்கால வெள்ளிச் சுரங்க நகரமாகும். 16ஆம் நூற்றாண்டில் வெள்ளிப் படிவுகள் கண்டறியப்பட்ட பின் எழுந்த இந்நகர், சதுரக் கட்ட அமைப்பில் திட்டமிடப்பட்ட பிற ஸ்பானியக் குடியேற்ற நகரங்களைப் போலன்றி மலைச்சரிவின் போக்கிலேயே விரிந்தமையால், 'கயெஹோன்' எனப்படும், வண்டி நுழைய இயலாத படிக்கட்டுச் சந்துகளால் நிறைந்துள்ளது. ஆகவே இதனை முழுமையாகக் காண்பதற்கு நடையே ஏற்ற வழியாகும். மீண்டும் மீண்டும் வெள்ளத்தால் அழிவை விளைவித்த ஆறு திசைதிருப்பப்பட்டு, அதன் பழைய படுகை 20ஆம் நூற்றாண்டில் நிலத்தடிச் சாலையாக்கப்பட்டதால், ஊர்திகளில் பெரும்பகுதி கீழே ஓட, மேற்பரப்பின் சதுக்கங்கள் நடப்போருக்கு வாய்த்தன.

நடைப்பயணம் பெரும்பாலும் யூனியன் பூங்காவில் தொடங்கி, 1903இல் திறக்கப்பட்ட ஹுவாரெஸ் நாடக அரங்கு, மஞ்சள் வண்ணப் பேராலயம், பல்கலைக்கழகத்தின் உயர்ந்த படிவரிசை ஆகியவற்றைக் கடந்து, எதிரெதிர் உப்பரிகைகள் தொடுமளவு நெருங்கிய 'முத்தச் சந்து' வழியாகச் செல்கிறது. இவை யாவற்றினும் வரலாற்று முதன்மை வாய்ந்தது அல்ஓந்திகா தெ கிரனாதீதாஸ் என்னும் தானியக் களஞ்சியமே. 1810 செப்டம்பர் 28 அன்று ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மிகேல் இதால்கோவின் விடுதலைப் படை இதனைத் தாக்கிக் கைப்பற்றியது. அத்தாக்குதலின்போது முதுகில் கற்பலகை சுமந்து சென்று களஞ்சியத்தின் கதவுக்குத் தீயிட்டதாகச் சொல்லப்படும் 'பீப்பிலா' என்ற சுரங்கத் தொழிலாளியின் சிலை குன்றின்மேல் நிற்கிறது. மறு ஆண்டு கொல்லப்பட்ட இதால்கோ உள்ளிட்ட நான்கு தலைவர்களின் தலைகள் இக்கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடப்பட்டு, 1821 வரை அகற்றப்படாதிருந்தன. தற்போது இது அருங்காட்சியகமாகும். நகரும் அடுத்துள்ள சுரங்கங்களும் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.