இல்லாத நாளுக்கு ஓர் எண்

பழைய பத்திரங்களின் விவரத்தை எக்செல்லில் ஏற்றுவது என் வேலை. 1898-இல் எழுதிய கிரயப் பத்திரத்தின் தேதியை அடித்தால், கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 1901 என்றால் வலது ஓரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இடையில் எத்தனை நாள் என்று கேட்டால் '#வேல்யூ!' என்று வந்து நிற்கும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஃபார்முலாவைத்தான் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள். பாவம், ஃபார்முலாவில் ஒரு குறையும் இல்லை. எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1-க்கு எண் ஒன்று. அதற்கு முந்தையதெல்லாம் அதற்கு எழுத்துதான். எழுத்தை எப்படிக் கழிப்பது?

இந்த எண்ணிக்கை லோட்டஸ் 1-2-3 வழி வந்தது. 1983-இல் வெளியான அந்த மென்பொருள், 1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப், 1900 வகுபடாது. ஆனாலும் நான்கால் வகுத்துப் பார்க்கும் குறுக்குவழி 1900 முதல் 2099 வரை சறுக்குவது அந்த ஓர் ஆண்டில் மட்டும்தான். போயும் போயும் கணக்கைத் தொடங்கிய ஆண்டிலேயே சறுக்கியிருக்கிறது.

பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் ஷீட்டுகளின் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடக் கூடாது என்று தெரிந்தே அந்தப் பிழையை வாங்கிக்கொண்டது. இன்றும் 29-2-1900 என்று அடித்துப் பாருங்கள், மறுக்காமல் 60 என்ற எண் தரும். புதன்கிழமை என்றும் சொல்லும். 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கள், எக்செல்லில் ஞாயிறு. மார்ச் 1 முதல்தான் கிழமைகள் சரியாகும். இனி திருத்தினால் உலகத்துக் கணக்கு ஷீட்டுகளில் உள்ள தேதிகள் எல்லாம் ஆட்டம் காணும். யார் கை வைப்பார்கள்?

மெக்கிண்டாஷில் வந்த பழைய எக்செல் 1904-லிருந்து எண்ணியது. அந்த ஷீட்டின் தேதியை இதில் ஒட்டினால் 1,462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் பின்னால் போய்விடும். '#' எதுவும் வராது. என்னைக் கேட்டால் '#வேல்யூ!' எவ்வளவோ தேவலை.

பத்திரக் கணக்குக்கு நான் செய்வது இதுதான்: இரண்டு ஆண்டோடும் 400 கூட்டி, 2298-ஐயும் 2301-ஐயும் வைத்துக் கழிப்பேன். கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை, 1,46,097 நாளில், கிழமை பிசகாமல் திரும்பி வரும். விடை சரியாக இருக்கும். 2298 இருக்கும் கட்டங்களை மட்டும் ஹைட் செய்துவிடுவேன். பத்திரக்காரர் பார்த்தால் பயந்துவிடுவார்.