லயம் என்றொரு சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்பதைப் போல எளிய சொல் அரிது. ஆனால் அகராதியைப் புரட்டினால் அதன் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. இலத்தீன் மொழியில் ஆளிச்செடிக்கு 'லினும்' என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் 'லினேயா'. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும். அந்த நூலிலிருந்துதான் இத்தனை பொருள்களும் பிறந்தன.

தமிழர் இச்சொல்லை இடமறிந்து தமிழாக்கியிருக்கிறார்கள். கணிதத்தில் அது கோடு, எழுத்தில் வரி, கடை வாசலில் வரிசை, புகையிரதத்துக்கு இருப்புப்பாதை, துணி உலர்த்தக் கொடி, நாடுகளுக்கிடையே எல்லை, குலத்தில் வழி. தமிழாக்காமல் விட்டவையும் உண்டு. மின்சாரக் கம்பியும் தொலைபேசித் தொடர்பும் பேச்சு வழக்கில் இன்றும் லைன்தான். கொங்கு நாட்டில் ஒரே வளாகத்துக்குள் அடுத்தடுத்துக் கட்டிய வாடகை வீடுகள் 'லைன் வீடு'. இளைஞர்கள் 'லைன் போடுவது' எதைக் குறிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு 'டெட்லைன்' என்றால் செய்தி கொடுத்து முடிக்க வேண்டிய நேரம். அச்சொல்லின் பிறப்பு கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் மதிலுக்கு உட்புறம் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். உயிர் பறித்த கோடு பிற்காலத்தில் அச்சுக்கூடத்தின் கெடுபிடியாகச் சாதுவாகிவிட்டது. சொற்கள் இப்படித் தம் பிறப்பை மறைத்துக்கொள்வதுண்டு.

அப்படித் தன் பிறப்பை மறைத்துக்கொண்டு தமிழாகவே ஆகிவிட்ட ஒரு 'லைன்' இலங்கை மலையகத்தில் இருக்கிறது. அதன் பெயர் லயம்.

பிரித்தானிய இந்தியாவில் சுதேசிச் சிப்பாய்களின் குடிசைகள் வரிசையாக அமைக்கப்பட்டன. அவற்றை 'லைன்ஸ்' என்றார்கள். போலிஸ் லைன், சிவில் லைன்ஸ் என்ற பெயர்கள் இந்திய நகரங்களில் இன்றும் வழங்குகின்றன. இலங்கையில் 1823ஆம் ஆண்டளவில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. தொழிலாளர் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர். தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, வன்னிக் காடுகளைக் கால்நடையாகக் கடந்தவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக இருந்தது மாத்தளை. வழியில் மாண்டவர் பலர். தப்பி வந்தவர்களுக்கு எழுப்பப்பட்டவையே அந்த வரிசைக் கட்டடங்கள். கோப்பியை நோய் அழித்துத் தேயிலை வந்தபோதும் கட்டடத்தின் முறை மாறவில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று, முன்னால் ஒரு சிறு திண்ணை; ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது அவ்வளவே.

அந்த அறைக்கு மலையகத்தார் வழங்கும் பெயர்களைக் கவனியுங்கள். கட்டடம் லயம், ஆங்கிலேயர் கொடுத்தது. அறை காம்பரா, போர்த்துக்கேயரின் 'கமரா'விலிருந்து வந்தது. திண்ணை இஸ்தோப்பு, ஒல்லாந்தரின் 'ஸ்டூப்' அது. இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட மூன்று ஐரோப்பியரும் ஒரு தொழிலாளியின் ஒற்றை அறைக்குள் குடியிருக்கிறார்கள். தமிழ் எங்கே?

தமிழ் தேயிலை மலையில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் செடி வரிசைக்கு அங்கே 'நிரை' என்று பெயர். காலையில் நிரை பிடிப்பது என்பார்கள். சங்க இலக்கியம் ஆநிரை என்றும், யாப்பிலக்கணம் நிரையசை என்றும் வழங்கும் அதே பழஞ்சொல்தான். 'லைன்' என்பதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. தாங்கள் உழைத்த வரிசைக்குத் தம் சொல்லைச் சூட்டிய மக்கள், தாங்கள் உறங்கிய வரிசைக்கு அதைச் சூட்டவில்லை. இதற்கு நான் காணும் காரணம் ஒன்றுதான். உழைப்பு அவர்களுடையது, உறைவிடம் அவர்களுடையதல்ல. அதை வீடு என்றழைக்க உரிமை வேண்டும். வேலை போனால் அறையும் போகும் என்ற நிலையில் கொடுத்தவன் வைத்த பெயரே நிலைத்தது.

அதிலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. இசையில் சுருதி தாய் என்றால் லயம் தந்தை என்பர். மனம் ஒன்றில் ஒடுங்குவதும் லயம். 'லைன்' தமிழ் நாவில் திரிந்து அந்த அழகிய சொல்லோடு கலந்துவிட்டது. சங்கீத ரசிகருக்கு இனிக்கும் சொல், மலையகத்துக் குழந்தைக்கு ஒழுகும் தகரக் கூரையைக் குறிக்கிறது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; அறையில் இருந்தவருக்குக் காணி கிடைக்கவில்லை. குடியுரிமைப் பிரச்சினை பின்னர் படிப்படியாகத் தீர்ந்தது. 7 பேர்ச்சஸ் நிலத்தில், அதாவது சுமார் 1,900 சதுர அடியில், தனி வீடு என்ற திட்டம் அண்மைக் காலத்ததே. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தேவையோ அதனினும் மிகப் பெரியது.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து முன்னோர் வந்த வழியே ஒரு நடைபயணம் புறப்பட்டது. ஆகஸ்டு மாதம் அது மாத்தளையை அடைந்தது. காணியும் வீடும் அதன் கோரிக்கைகளில் முதன்மையானவை. அதே ஆகஸ்டில், மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவப் பகுதியிலுள்ள ரத்வத்தைத் தோட்டத்தில், ஒரு குடும்பம் அமைத்திருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி இடித்த காட்சி காணொளியாக நாடெங்கும் பரவியது. லயத்துக்கு வெளியே தமக்கென ஒரு கூரை போட்டதுதான் அங்கே பிரச்சினை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நூல் பிடித்து இழுத்த கோடு அழியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தூய தமிழ் ஆர்வலர்கள் 'லயம்' என்பதற்கு மாற்றாக 'தொடர்குடியிருப்பு' என்று எழுதுகிறார்கள். அவர்கள் நோக்கத்தைக் குறைகூற மாட்டேன். ஆனால் இச்சொல்லை மாற்றும் அதிகாரம் அகராதிக்காரரிடம் இல்லை. காணி உறுதி எழுதும் அலுவலகத்தில் இருக்கிறது. உறுதிப்பத்திரம் கைக்கு வரும் நாளில் அம்மக்கள் யாரிடமும் கேளாமல் தாங்களாகவே அதை மொழிபெயர்த்துவிடுவார்கள். வீடு என்ற பழைய தமிழ்ச்சொல் அதற்குத் தயாராகவே இருக்கிறது.