கூடிப் பேசும் கிருமிகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் போடிமெட்டு மலைப்பாதை வழியாகவும் இப்பகுதிக்கு வந்து குடியேறிய நம் முன்னோர், காட்டு யானைக்கும் அட்டைக்கும் அஞ்சியதைவிட வாந்திபேதிக்கே மிகுதியாக அஞ்சினர் என்பதை வீட்டுப் பெரியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். காலையில் கூடை தூக்கிச் சென்றவர் மறுநாள் காலையில் இல்லை என்னும் நிலை அந்நோயால் ஏற்படும். அதன் பெயரை உரக்கச் சொல்லவும் பலர் நடுங்கினர். அம்மனை வேண்டுவதொன்றே வழியென்று இருந்தனர்.

நோயின் துன்பத்தோடு பழியும் சேர்ந்தது. பிழைப்புத் தேடி வருகிறவனே நோயைச் சுமந்து வருகிறான் என்று எங்கும் பேசப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம்மவரை மண்டபம் முகாமில் பல நாள் தடுத்து வைத்துச் சோதித்த பின்னரே கடல் கடக்க விட்டனர் என்பது வரலாறு. இப்பழி எவ்வளவு தூரம் பொருந்தும்? அந்நோய்க் கிருமியின் வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வாந்திபேதி கொள்ளை கொண்டபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே சென்றார். பிராட் தெருவிலிருந்த ஒரே ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருக்கக் கண்டார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் நம் நாட்டுக் கல்கத்தாவில் ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயுற்றோர் புழங்கிய குளத்து நீரிலும் அக்கிருமி இருந்தது. நோய்க்கு வழி நீரே என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று.

ஆயினும் அக்கிருமி ஆளைக் கொல்வது எவ்வாறு? அதற்கு விடை கண்டவர் நம் நாட்டவரே. கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே, 1959-இல், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய நீர்மத்தை முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாதிருந்தும் குடலில் நீர் பெருகிற்று. கிருமி வெளியிடும் நஞ்சே உடலின் நீரையெல்லாம் வெளியேற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவருக்கு உரிய சிறப்பு அவர் காலத்தில் முழுமையாகக் கிட்டாமற் போனது நம் குறையே.

இனி, இக்கதையின் வியப்பான பகுதிக்கு வருவோம். 1970-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் முதலிய அறிஞர்கள், கடலில் ஒளிரும் ஒருவகை நுண்ணுயிரை ஆராய்ந்தனர். சிலவாக இருக்கும்போது அவை ஒளிர்வதில்லை. பெருந்திரளாகப் பெருகியதும் எல்லாம் ஒருசேர ஒளிர்ந்தன. காரணம் என்ன? ஒவ்வொன்றும் ஓர் இரசாயனப் பொருளைச் சிறுகச் சிறுக வெளியிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருளின் செறிவும் உயர்கிறது. குறித்த அளவை எட்டியதும், ‘நாம் போதிய பேர் கூடிவிட்டோம்’ என்று அவை உணர்ந்து தொழிலில் இறங்குகின்றன.

சங்கப் பொதுக்குழுவில் ‘கோரம்’ சேராமல் தீர்மானம் நிறைவேறாது என்பது நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. 1994-இல் அறிஞர்கள் இந்நிகழ்ச்சிக்கு அச்சொல்லையே எடுத்துப் பெயராகச் சூட்டினர். தீப்புண்களிலும் நலிந்தோர் நுரையீரலிலும் குடிகொள்ளும் சூடோமோனாஸ் என்னும் கிருமி, இம்முறையையே கையாளுகிறது. சிலவாக இருக்கையில் நஞ்சைக் கக்கினால் உடலின் காவற்படை விழித்துக்கொண்டு அழித்துவிடும். ஆதலின் கூட்டம் சேரும்வரை அடங்கியிருந்து, பின்னர் ஒன்றாகத் தாக்குகிறது.

வாந்திபேதிக் கிருமியோ இதற்கு நேர் மாறானது! 2002-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பானி பாஸ்லர் அம்மையாரின் குழுவினர் இதனை வெளிப்படுத்தினர். சிலவாகக் குடலில் புகும்போதே அது சுவரில் பற்றிக்கொண்டு நஞ்சு செய்கிறது. பெருந்திரளானதும் இரசாயனச் செய்தி பரவ, நஞ்சு செய்வதை நிறுத்திவிட்டுப் பற்றை விட்டு, பேதியோடு வெளியேறுகிறது. அடுத்த உயிரைத் தேடி மீண்டும் நீரில் இறங்குவதே அதன் நோக்கம். அச்செய்தியைச் சுமக்கும் பொருள் இன்னதென்று 2007-இல் கண்டறிந்தனர். அப்பொருளைச் செய்யும் தீங்கற்ற குடல் நுண்ணுயிரை முன்னதாகவே எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து, அவற்றுட் பலவற்றை நோயினின்று காத்ததாக 2010-இல் மற்றொரு குழுவினர் அறிவித்தனர். கிருமியின் மொழியிலேயே பேசி அதனை ஏமாற்றும் இம்முயற்சி, மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. 1992-இன் பிற்பகுதியில் இக்கிருமியின் புதியதோர் வகை சென்னையில் தலைகாட்டி, மதுரைக்கும் பரவியது. பழைய வகையை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்திற்று. கிருமி ஓய்வதில்லை, நாமும் ஓயலாகாது.

நம் கையிலுள்ள படைக்கலம் எளியது. 1971-இல் வங்காள எல்லையில் பொங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். பேதி கண்டவுடன், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதனை நம் காலனியின் தாய்மார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பழியைப் பற்றிய கேள்விக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. எந்த ஊரார், எந்த மொழியார் என்று கிருமி பார்ப்பதில்லை. கழிவு கலந்த நீர் எங்கே உண்டோ அங்கே அது வரும். நல்ல குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் மனிதரை வாழவிட்டு, நோய்க்கு அவர்களையே பொறுப்பாக்கியது பழியே தவிர நியாயமன்று. கண்ணுக்குத் தெரியாத உயிரும் கூடிய பின்னரே தன் காரியத்தைச் சாதிக்கிறது. நாம் கூடினால், நம் குடியிருப்பின் ஒவ்வோர் ஊற்றையும் தொட்டியையும் தூயதாய் வைத்திருக்க இயலாதா? அடுத்த பொதுக்குழுவில் கோரம் குறையாமல் கூடி, முதல் தீர்மானமாக இதனையே எடுத்துக்கொள்வோமாக!