ஐந்து கோல் வாங்கிய அணி



அண்மையில் மாவட்டப் போட்டிக்குச் சென்ற எங்கள் தெலுக் இந்தான் மாணவர்கள் முதல் ஆட்டத்திலேயே பெருந்தோல்வியுடன் திரும்பினர். மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “நமக்குக் காற்பந்து வராதா, ஐயா?” என்று கேட்டான். பிரேசில், அர்ஜென்டினா ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடமாய்ச் சொல்பவன் அவன். நம்மவர் ஒருவரின் பெயரும் அவனுக்குத் தெரியவில்லை. குறை அவனுடையதன்று; சொல்லித் தராத என்னுடையது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அந்தி சாயும் வேளையில் லயத்து இளைஞர்கள் அனைவரும் திடலில்தான் இருப்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர், திடலும் மறைந்தது. அதனோடு அந்த நினைவுகளும் மறையலாமா?

அதனால் அன்று கே. ராஜகோபாலின் கதையைச் சொன்னேன்.

1956-இல் பிறந்த அவர், சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய தாக்குதல் ஆட்டக்காரர். ‘ஸ்பைடர்மேன்’ என்று புகழப்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் தலைமுறையைச் சேர்ந்தவர். எனினும் அவர் பெயரை நாடே உச்சரித்தது, பயிற்றுநரான பின்னர்தான்.

2009-இல் நம் காற்பந்து தாழ்ந்து கிடந்தது. அவ்வாண்டு முதல் உள்நாட்டு லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டதால், உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்புப் பெருகியது. அவர்களைக் கொண்டே ராஜகோபால் அணியைக் கட்டினார். லாவோஸ் சீ விளையாட்டில் அந்த இளையோர் அணி, முதற்சுற்றில் தன்னை வென்ற வியட்நாமை இறுதியாட்டத்தில் 1-0 என வீழ்த்தியது. 1989-க்குப் பின், இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றோம். ஏளனத்திற்குப் பஞ்சமில்லை. ராஜகோபால் தம் இளைஞர்களைக் கைவிடவில்லை. தாய்லாந்துடன் சமநிலை, லாவோஸுக்கு எதிராக 5-1 வெற்றி, அரையிறுதியில் வியட்நாமைத் தாண்டி இறுதிச்சுற்று. எதிரே மீண்டும் அதே இந்தோனேசியா!

டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என வென்றோம். சாஃபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி ஒரு கோலும் அடித்தனர். ஓரப்பகுதியில் ஓயாது ஓடிய வேகக்காரர் எஸ். குணாளன், நம் தமிழ்ப் பிள்ளை. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கைரூல் ஃபாமி ஒரு பெனால்டியைத் தடுத்தார். 1-2 எனத் தோற்றும் மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் முதன்முறையாக நமதாயிற்று. டிசம்பர் 31 நாடு முழுவதும் பொது விடுமுறையானது.

குணாளன் பின்னர் ஜொகூர் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக மாறி, 2015-இல் ஏஎஃப்சி கிண்ணம் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

இரு போட்டிகளிலும் ராஜகோபாலின் அணி, முதலில் தன்னைத் தோற்கடித்த அணியையே இறுதியில் வென்றது. ஐந்து கோல் வாங்கிய அன்றே அவ்விளைஞர்களை ஒதுக்கியிருந்தால், அந்த விடுமுறை ஏது? வெற்றியைக் கொண்டாட ஆயிரம் பேர் வருவர். தோற்ற மறுநாள் பிள்ளைகளோடு திடலில் நிற்பவரே ஆசிரியர். அவர் கதையிலிருந்து நான் கற்ற பாடம் இது.

கதை முடிந்ததும் வகுப்பு அமைதியாக இருந்தது. கேள்வி கேட்டவன் மட்டும், “புதன்கிழமை பயிற்சி உண்டா, ஐயா?” என்றான்.

உண்டு என்றேன்.