நுங்கும் நுரையும்

ஆடி பிறந்தால் நமக்குப் படித்துறைதான் ஞாபகம் வரும். காப்பரிசி, காதோலை கருகமணி, முளைப்பாரி எல்லாம் வரிசையாக நினைவில் வரும். ஏறக்குறைய அதே பருவத்தில், மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோடு மாவட்டத்தில் வேறுவிதமான ஆற்று விழா ஒன்று நடக்கிறது. கோடஞ்சேரிப் பக்கத்துச் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் கயாக் பந்தயம். 2013-இல் தொடங்கிய இதற்கு 'மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்' என்று பெயர். ஜெயிக்கும் ஆணுக்கு 'ராப்பிட் ராஜா', பெண்ணுக்கு 'ராப்பிட் ராணி' பட்டம்.

கும்பகோணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வயநாட்டு மழையில் கிழக்கே இறங்குவது கபினியாகிக் காவிரியில் கலந்து, மேட்டூர் வழியாக நம்மிடம் வருகிறது. அந்த மலைத்தொடரில் மேற்கே சரிவது இத்தகைய ஆறுகளாகி அரபிக்கடலுக்குப் போகிறது. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகிலும் உறவு உண்டு. கயாக் என்பது கிரீன்லாந்து முதலிய பனி நாடுகளில் இனுயிட் மக்கள் சீல் வேட்டைக்குச் செய்த படகு. மரத்தாலோ எலும்பாலோ கூடு கட்டி, அதன் மேல் சீல் தோலை இழுத்துத் தைப்பார்கள். நம் பரிசலும் அதே யோசனைதான்: மூங்கில் கூடு, மேலே தோல். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒகேனக்கல்லில் இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும்.

கயாக் விளையாட்டானது ஐரோப்பாவில். 1907-இல் ஜெர்மனியின் ரோசன்ஹைம் ஊரில் யோஹான் கிளெப்பர் என்ற தையல்காரர் மடக்குப் படகு தயாரிக்க ஆரம்பித்தார். அதைப் பையில் போட்டு ரயிலில் மலையடிவாரம் வரை கொண்டுபோகலாம். கவிழ்ந்த படகைவிட்டு வெளியேறாமல், துடுப்பால் நீரை அழுத்தி அப்படியே நிமிர்வது கிரீன்லாந்து வேடர்களின் வித்தை. ஆஸ்திரியாவின் பாவ்லாட்டா 1927-இல் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு பனிச்சறுக்கிலிருந்து 'ஸ்லாலம்' என்ற போட்டிமுறையும் ஆற்றுக்கு வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது அவுக்ஸ்பூர்க் நகரின் செயற்கை வாய்க்காலில் அது முதன்முதலாக நடந்தது. அடுத்து 1992 பார்சிலோனாவில்தான் திரும்ப வந்தது.

விதி எளிது. தண்ணீருக்கு மேலே ஜோடி ஜோடியாகக் கம்புகள் தொங்கும். பச்சை என்றால் நீரோட்டத்தோடு நுழைய வேண்டும். சிவப்பு என்றால் எதிர்த்து ஏற வேண்டும். கம்பில் பட்டால் 2 விநாடி அபராதம். வாசலைத் தவறவிட்டால் 50 விநாடி, ஆட்டமே போச்சு.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலேயர் வெள்ளை நீர் என்று சொல்வதைப் பிரெஞ்சில் 'ஓ வீவ்' என்பார்கள், அதாவது உயிருள்ள நீர். நாம் நுங்கும் நுரையுமாக வருகிறது என்கிறோமே, அதுதான். அந்த நீரில் பேர் வாங்கியவர்கள் போ நகரத்து எஸ்தாங்கே சகோதரர்கள். அவர்களுடையது கயாக் அல்ல. மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பால் தள்ளும் கனூ. அண்ணன் பத்ரீஸ் 1996-இல் வெண்கலம் வென்றவர். சிட்னிக்குப் போக வேண்டுமானால் தம்பி தோனி அந்த அண்ணனையே முந்த வேண்டியிருந்தது. முந்தினார். 2000, 2004, 2012 என்று மூன்று தங்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவரே.

பதக்கத்தைவிட என்னைக் கவர்ந்தது இவர்களுடைய பழக்கவழக்கம். காட்டாற்றில் யாரும் தனியாக இறங்குவதில்லை என்பதே பொது வழக்கம். ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் கீழே பாறைகளில் கயிற்றுப் பையோடு காத்திருப்பார்கள். போட்டியில் தோற்கடிக்க வேண்டிய ஆளைத்தான் அந்தக் கயிறு காப்பாற்றும். படகைவிட்டு நீந்தி வந்தவர், அன்று மாலை தன் நனைந்த காலணியில் பியர் ஊற்றிக் குடிக்க வேண்டும் என்று ஒரு வேடிக்கை அபராதமும் உண்டு. முகம் சுளிக்காதீர்கள். விழுந்ததை மறைக்காமல், எல்லாரும் சிரித்து முடித்துவிட இது ஒரு வழி.

நம் காவிரி பந்தய ஆறு அல்ல. ஆனால் மணல் எடுத்த பள்ளத்தின் மேல் புதுத்தண்ணீர் ஓடும்போது அதுவும் ஆளை விழுங்கும். பிள்ளைகள் போவதைப் பேப்பரில் படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்கிறோம். ஒகேனக்கல் பரிசலில் உயிர்க்காப்பு அங்கி கட்டாயம்; நம் படித்துறைகளில் என்ன இருக்கிறது?

கயாக்காரர்களின் முதல் பாடம் நாலே வரி. இழுத்துப்போனால் எதிர்த்து நீந்தாதே. மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டிக்கொள். கரையில் இருப்பவன் உடனே குதிக்காதே, கயிற்றை எறி. கயிறு கைக்கு வந்தால் தோளோடு சேர்த்துப் பிடி. மிதக்கும் கயிறு 15 மீட்டர், அதை அடைக்க ஒரு துணிப்பை, இவ்வளவுதான் சாமான். வரும் ஆடிப்பெருக்குக்குச் சக்கரப் படித்துறையிலும் பகவத் படித்துறையிலும் ஒவ்வொன்று தொங்கவிடலாம். எறியத் தெரிந்த நாலு இளைஞர்கள் பக்கத்தில் நின்றால் போதும்.