பூட்டிய நூலகமும் உறுப்பினர் பதிவேடும்: தொற்றுக்கால வாசகர் தொடர்பின் வரலாற்றுப் பின்புலம்

2020 மார்ச்சில் உலகின் பெரும்பாலான பொது நூலகங்கள் பூட்டப்பட்டன. கதவை மூடிவிடுமாறு அமெரிக்க நூலகச் சங்கம் மார்ச் 17 அன்று பரிந்துரைத்தது. இந்தியாவில் 25ஆம் தேதி முதல் நாடே அடங்கியது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நூலகத்துறையில் ஒரு கதை நிலைபெற்றுவிட்டது: கட்டடம் மூடியது, மின்னூல் கைகொடுத்தது, வாசகர் திரைக்கு மாறினார். இதில் பொய் ஏதுமில்லை. நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் வழியாக 2020இல் ஏறத்தாழ 43 கோடி இரவல்கள் நடந்தன. முந்தைய ஆண்டைவிட இது மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆனால் அது கருவியும் இணைப்பும் ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கணக்கு. காலையில் நாளிதழ் பார்க்க வந்துகொண்டிருந்த பெரியவரும், பள்ளி விட்டதும் படக்கதைப் புத்தகம் புரட்ட வந்த பிள்ளையும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஊரடங்கில் வாசகரோடு தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்ட நூலகங்களையும், அறுந்துபோக விட்டவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொழில்நுட்ப வசதியைவிட வேறொன்று முதன்மையாகத் தெரிகிறது. தன் உறுப்பினர் யார், எங்கே இருக்கிறார், அவரை எப்படி எட்டுவது என்ற செய்தி நூலகத்தின் கையில் இருந்ததா என்பதே அது. இதைத் திரட்டும் பழக்கம் தொற்றுக்காலத்தில் திடீரென்று தோன்றவில்லை. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எதிர்த்திசையில் ஓடும் இன்னொரு வரலாறும் உண்டு. அது அச்சத்தின் வரலாறு. அதிலிருந்து தொடங்குவதே முறை.

நூலே நோயாகத் தெரிந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நோய்க்கிருமிக் கோட்பாடு பரவிய வேகத்தில், இரவல் புத்தகம் நோயைச் சுமந்து வரும் என்ற பயமும் பரவியது. 1895இல் அமெரிக்காவின் ஒமாஹா நகர நூலகர் ஜெஸ்ஸி ஆலன் காசநோயால் இறந்தபோது, அவர் நாள்தோறும் தொட்ட புத்தகங்களே அவரைக் கொன்றன என்ற பேச்சு எழுந்து நூலகத்துறையைக் கலங்கடித்தது. பிரிட்டனில் இந்தப் பயம் சட்டமாகவே மாறியது. தொற்றுநோய் உள்ள வீட்டிலிருந்து நூலகப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவோருக்கு 40 ஷில்லிங் வரை தண்டம் விதிக்க 1907ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத் திருத்தச் சட்டம் இடம் தந்தது. பல ஊர்களில் நூல்களுக்கு ஃபார்மால்டிஹைடு புகை போட்டார்கள். சில இடங்களில் எரித்தும் விட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த வீட்டில் நோய் என்ற பட்டியல் சுகாதார அலுவலரிடமிருந்து நூலகத்துக்கு வந்தது. நூலகம் தன் உறுப்பினரின் முகவரியை அப்போது நன்றாகவே அறிந்திருந்தது. அறிந்தது விலக்கி வைப்பதற்கு.

1918 இன்ஃபுளுவென்சாவின்போதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நூலகங்கள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. வாசகரை வீட்டில் வைத்தே கவனிக்க அன்று வழியும் குறைவு. தொலைபேசி இருந்தது, ஆனால் இணைப்பகப் பெண்களே நோயில் படுத்துவிட்டதால், அவசியமில்லாமல் யாரையும் அழைக்காதீர்கள் என்று தொலைபேசி நிறுவனங்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தன.

படியிறங்கிப் போன நூலகம்

உறுப்பினரின் முகவரியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் அதற்கு முன்பே முளைவிட்டிருந்தது. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில், தொழிலாளர் கல்விக்காக நடந்துவந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1858இலேயே குதிரை வண்டியில் புத்தகம் கொண்டுபோனது. ஆனால் இதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் நகரை மையமாகக் கொண்ட வாஷிங்டன் கவுன்ட்டி நூலகத்தின் மேரி டிட்கம்.

அவர் முதலில் புத்தகப் பெட்டிகளைக் கிராமத்துக் கடைகளுக்கும் அஞ்சலகங்களுக்கும் அனுப்பினார். பெட்டி இருந்த இடத்துக்கும் வராத பண்ணை வீடுகள் ஏராளம் என்று தெரிந்ததும், 1905இல் வண்டியையே வாசலுக்கு அனுப்பினார். ஓட்டியவர் நூலகத்தின் துப்புரவுப் பணியாளர். கருத்த நிறத்தில் வந்து நின்ற அந்த வண்டியைச் சிலர் பிணவண்டி என்று நினைத்து, இங்கே நிற்க வேண்டாம், போ என்று விரட்டியதை டிட்கமே பதிவு செய்திருக்கிறார். அதன்பின் சக்கரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். 1910இல் சரக்கு ரயில் மோதி வண்டி நொறுங்கியது. 1912இல் மோட்டார் வண்டி வந்தது. பொருளாதார மந்தக் காலத்தில், 1935 முதல் 1943 வரை, கென்டக்கி மலைப்பகுதியில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் சுமந்ததை இந்த மரபின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இது காலம் தாழ்த்தாமல் நடந்தது. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் இருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. அதை வடிவமைத்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ். ஆர். ரங்கநாதன் நூலாக்கியதும் அதே ஆண்டில்தான். அவற்றில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்கிறது. வாசகர் வரவில்லையென்றால் நூல் போக வேண்டும் என்பது அதிலிருந்து தானாகவே பெறப்படும். அவர் செயலாளராக இருந்த சென்னை நூலகச் சங்கம் இந்தக் கருத்தை மேடையில் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு அந்த மாட்டுவண்டியே சான்று.

இப்படி ஓடிய வண்டிகளின் பயன், புத்தகம் போய்ச் சேர்ந்தது மட்டும் என்று கொள்வது குறைவான மதிப்பீடு. வண்டிக்காரர் ஊருக்குத் திரும்பும்போது எந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் உண்டு, யார் படுத்த படுக்கை, யாருக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்ற செய்தி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. சுகாதார அலுவலரின் பட்டியலுக்கு நேர் எதிரான பட்டியல் இது.

2020: இரவல் புத்தகம், இரவல் உரிமை

ஊரடங்கின் முதல் மாதங்களில் பழைய அச்சம் புதிய உடையில் வந்தது. புத்தக அட்டையில் கொரோனா வைரஸ் எத்தனை நாள் தங்கும் என்று அமெரிக்காவில் ஓசிஎல்சி அமைப்பும், அருங்காட்சியக-நூலகச் சேவை நிறுவனமும், பேட்டெல் ஆய்வகமும் சேர்ந்து சோதித்தன. தனித்தனியே வைத்த நூல்களில் 3 நாளில் கிருமி காணாமற்போனது. அடுக்கி வைத்தால் 6 நாளுக்குப் பிறகும் தென்பட்டது. உலகம் முழுக்கத் திரும்பி வந்த நூல்கள் தனிமைப்படுத்தப்பட்டன. 2021 ஏப்ரலில், பரப்புகளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தபோதுதான் இந்த நடைமுறை தளர்ந்தது. 1907ஆம் ஆண்டுக்காரர்களைப் பார்த்து நாம் அதிகம் சிரிக்க முடியாது.

மின்னூல் பக்கம் சிக்கல் வேறு. அச்சு நூலை நூலகம் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்னூலில் பெரும்பாலும் உரிமம்தான் கிடைக்கும். ஹார்ப்பர்காலின்ஸ் 2011 முதல் 26 இரவல்களுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறது. மேக்மில்லன் நிறுவனம் 2019 நவம்பரில், புதிய மின்னூல் வெளிவந்த முதல் 8 வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே படிதான் என்று கட்டுப்பாடு விதித்தது. ஊரடங்கு வந்ததும் 2020 மார்ச் 17 அன்று அதைக் கைவிட்டது. அதற்கடுத்த வாரம், இணைய ஆவணக் காப்பகம் சுமார் 14 லட்சம் நூல்களைக் காத்திருப்பு வரிசையில்லாமல் திறந்துவிட்டு, அதற்கு அவசரகால நூலகம் என்று பெயரிட்டது. ஜூன் 1 அன்று நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 16இல் அது மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்பகத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வாசகரோடு தொடர்பு கொள்ளும் பாதையில் சுங்கச்சாவடி வேறொருவர் கையில் இருக்கிறது என்பதை நூலகங்கள் ஊரடங்கு மாதங்களில் தெளிவாக உணர்ந்தன.

தமிழ் வாசகரின் நிலை இதில் சற்று விசித்திரமானது. எழுத்தாளரின் படைப்புகளை அரசு பொதுவாக்கும் நாட்டுடைமை என்ற ஏற்பாட்டினாலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்தவர் முயற்சியில் உருவான ‘நூலகம்’ என்னும் இணையத்தளம் போன்ற தன்னார்வப் பணிகளாலும், பழைய தமிழ் நூல்கள் கட்டணமின்றிக் கிடைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துபோனதை அறிந்த சமூகம், கட்டடத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதை ஊரடங்குக்கு வெகு முன்பே கற்றிருந்தது. ஆனால் நேற்று வந்த நாவலும் போட்டித் தேர்வு வழிகாட்டியும் இந்தக் களஞ்சியங்களில் இருக்காது. கிளை நூலகத்தில் அதிகம் கேட்கப்படுவது இவைதான்.

தொலைபேசியை எடுத்தவர்கள்

மெல்போர்னின் வடகிழக்குப் புறநகர்களுக்குச் சேவை செய்யும் யாரா பிளென்ட்டி வட்டார நூலகம் செய்த காரியம் மிக எளிமையானது. தரவுத்தளத்திலிருந்து 70 வயதைக் கடந்த உறுப்பினர்களின் எண்களை எடுத்து, ஊழியர்கள் ஒவ்வொருவராக அழைத்தார்கள். சுமார் 8,000 பேர். நலமா, ஏதாவது வேண்டுமா, புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பவா, மின்னூல் பயன்படுத்தச் சொல்லித்தரவா என்று கேட்டார்கள். தேவைப்பட்டால் மற்ற உதவிச் சேவைகளோடு இணைத்துவிட்டார்கள். செயலியோ, புதிய உரிமமோ இதற்குத் தேவைப்படவில்லை. உறுப்பினர் விண்ணப்பத்தில் பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் வாங்கி வைத்திருந்தால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உறுப்பினரைப் பற்றி நூலகம் அதிகம் அறிந்திருப்பது நல்லதா? அமெரிக்க நூலகச் சங்கம் 1939 முதல் வாசகரின் அந்தரங்கத்தைத் தொழில்நெறியாகவே வைத்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அரசு கேட்டால் கொடுக்க வேண்டிவருமே என்று, யார் எதைப் படித்தார் என்ற பதிவையே பல நூலகங்கள் அழித்துவிடுகின்றன. அந்தக் கவலை நியாயமானது. 1907இன் பட்டியல் எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தோம். ஆனால் யாரா பிளென்ட்டி தொட்டது வயதையும் எண்ணையும்தான். என்ன படித்தார்கள் என்பதை அல்ல. இந்த இரண்டையும் பிரித்து வைக்கலாம் என்பது என் கருத்து.

தில்லியும் தமிழ்நாடும்

தில்லியில் கட்டணமில்லா நூலகங்களை நடத்தும் கம்யூனிட்டி லைப்ரரி ப்ராஜெக்ட், ஊரடங்கில் ‘துனியா சப்கி’ என்ற பெயரில் கதைவாசிப்பு ஒலிப்பதிவுகளை வாட்ஸ்ஆப் வழியாக அனுப்பியது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். பெரிய கோப்பைப் பதிவிறக்கத் தரவு இருக்காது. வீட்டுக்கு ஒரு கைப்பேசிதான், அதுவும் அப்பா வேலைக்குப் போகாத நேரத்தில். ஆகவே சிறிய ஒலித்துண்டு. கருவியைத் தேர்ந்தெடுத்தது உறுப்பினரைப் பற்றிய அறிவு.

தமிழ்நாட்டின் அமைப்பு இதைவிடப் பன்மடங்கு பெரியது. 1948இல், தி. சு. அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலிக்க வகைசெய்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நாலாயிரத்துக்கு மேல் இன்று உண்டு. இவை ஏறக்குறைய ஐந்து மாதம் மூடியிருந்து 2020 செப்டம்பர் 1 அன்று திறந்தபோது, 15 வயதுக்குட்பட்டோருக்கும் 65 வயதைத் தாண்டியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. மருத்துவ நோக்கில் குறைசொல்ல முடியாது. ஆனால் நம் கிளை நூலகத்தில் மாலை நேரத்தில் ஒருமுறை உட்கார்ந்தவருக்குத் தெரியும்: இந்த இரு வயதினரையும் எடுத்துவிட்டால் மிச்சம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான்.

அவர்களைத் தேடிப் போயிருக்கலாமே என்றால், நம் நூலகத்தில் இரண்டு பதிவேடுகள் இருப்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். காப்புத்தொகையும் சந்தாவும் கட்டியவர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறார். அவருக்கு முகவரி உண்டு. நாளிதழ் மட்டும் படிக்க வருகிறவர் வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். இருபது ஆண்டாக ஒருநாள் தவறாமல் வந்தாலும், நூலகத்தைப் பொறுத்தவரை அவர் அன்றாடம் புதிதாக வருகிற ஒரு கையெழுத்து. நூலகர் அவரை முகத்தால் அறிவார், நூலகம் அறியாது. நூலகர் இடமாறினால் அந்த அறிவும் கூடவே போய்விடும். நூலகத்தை ஒட்டி வாசகர்கள் கூடும் வாசகர் வட்டம் சுறுசுறுப்பாக இருந்த ஊர்களில் இந்தக் குறை ஓரளவு நிரம்பியது, ஏனெனில் வட்டத்தாரிடம் ஒருவருக்கொருவர் எண் இருந்தது.

2022இல் பொது நூலகத்துறை நூலக நண்பர்கள் திட்டத்தைத் தொடங்கியது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்று நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகிறார்கள். மேலவாசல் வண்டியின் வழித்தோன்றல் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். தன்னார்வலர் எந்தெந்த வீட்டுப் படியேறினார், அங்கே யார் இருந்தார், அவர் எண் என்ன என்பது தன்னார்வலரின் கைப்பேசியிலேயே தங்கிவிடாமல் கிளை நூலகத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். வருகைப் பதிவேட்டில் விருப்பமுள்ளோர் எண் எழுத ஒரு பத்தி சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு, ஒரு கோடும் ஒரு பேனாவும்.