எண்முறை வானொலியும் நேயர்களும்: பிரித்தானிய, நோர்வே அனுபவங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வானொலி வரலாற்றிலே புதிய ஒலிபரப்பு முறையொன்று தோன்றும்போதெல்லாம் அதன் சிறப்பினை முதலில் உணர்பவர் பொறியியலாளர். அதன் தேவையை இறுதியில் முடிவு செய்பவரோ நேயர். இவ்விரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுதல் உண்டு. சிலவேளைகளில் நேயரின் தீர்ப்பு பொறியியலாளரின் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்துவிடுதலும் உண்டு. 'டிஜிற்றல்' என வழங்கும் எண்முறை ஒலிபரப்பு நேயரைத் தன்பால் ஈர்க்க வல்லதா என்னும் வினாவுக்கு, அம்முறையை 1995 முதல் கையாண்டுவரும் பிரித்தானியா, நோர்வே ஆகிய இரு நாடுகளின் வரலாற்றினூடாக விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா முற்றிலும் புதியதன்று. 'எவ்.எம்.' எனப்படும் பண்பலை ஒலிபரப்பும் ஒரு காலத்தில் இதே சோதனைக்கு உட்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி., 1955 மே 2ஆம் திகதி கென்ற் மாவட்டத்து நிலையமொன்றிலிருந்து பண்பலைச் சேவையைத் தொடக்கியது. இரைச்சலற்ற தெளிந்த ஒலியே அதன் சிறப்பு. ஆயினும், மத்திய அலையிலும் நெட்டலையிலும் ஏற்கெனவே கேட்டுவந்த அதே நிகழ்ச்சிகளே அதிலும் இடம்பெற்றமையால், புதிய பெட்டி வாங்க வேண்டிய தேவையைப் பெரும்பாலான நேயர்கள் உணரவில்லை. 1967இல் இளைஞருக்கெனத் தொடங்கப்பெற்ற 'றேடியோ வன்' நிலையம் தனக்கெனத் தனிப் பண்பலை வரிசையைப் பெற்றது 1980களின் இறுதியிலேயாம். அதுவரை இளைஞர் கூட்டம் மத்திய அலையின் மெலிந்த ஒலியிலேயே அந்நிலையத்தை விரும்பிக் கேட்டது. ஒலியின் தரம் நேயருக்கு வேண்டாததன்று. ஆனால் அது மாத்திரமே அவரை இடம்பெயரச் செய்வதில்லை என்பது இதனாற் புலனாகின்றது.

எண்முறை ஒலிபரப்பின் அடிப்படை, 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் கூட்டாக மேற்கொண்ட 'யுறேக்கா 147' என்னும் ஆய்வுத் திட்டத்திலே உருவாயிற்று. ஒலியை எண்களாக மாற்றிச் சுருக்கி, பல நிலையங்களை ஒரே அலைவரிசையில் ஒன்றாகத் தொகுத்து அனுப்புவதே இம்முறையாகும். சுருக்கமாக டி.ஏ.பி. என அழைக்கப்படும் இதில், அயல் ஒலிபரப்பிகள் பலவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தலாம். காரிற் செல்வோர் வழிதோறும் அலைவரிசையை மாற்ற வேண்டியதில்லை. நோர்வேயின் அரச ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. 1995 யூன் 1ஆம் திகதியும், பி.பி.சி. அவ்வாண்டு செப்தெம்பர் 27ஆம் திகதியும் தத்தம் சேவைகளைத் தொடங்கின. இறுவட்டினை ஒத்த ஒலித்தரம் என்பதே அன்று மக்களுக்கு அளிக்கப்பட்ட பெரும் வாக்குறுதியாகும்.

பிரித்தானியாவில் முதற் சில ஆண்டுகள் ஏறத்தாழக் கேட்பாரற்ற ஒலிபரப்பாகவே கழிந்தன. பெட்டிகள் அரிதாயிருந்தன, கிடைத்தவையும் பல நூறு பவுண் விலை பெற்றன. 1999 நவெம்பரில் தேசிய வர்த்தக எண்முறைச் சேவை தொடங்கிய பின்னரும் நிலை உடனே மாறிவிடவில்லை. திருப்பம் 2002இல் ஏற்பட்டது. அவ்வாண்டில் 99 பவுணுக்கு ஒரு சிறிய பெட்டி சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் '6 மியூசிக்' முதலான புதிய நிலையங்களைப் பி.பி.சி. எண்முறையிலே தொடங்கியது. பண்பலையிற் கேட்க முடியாத நிகழ்ச்சியும் எளியோர் வாங்கத்தக்க விலையும் ஒருங்கே அமைந்தபோதுதான் நேயர்கள் வரத் தொடங்கினர்.

நேயருக்கும் நிலையத்துக்கும் இடையே வளர்ந்த இப்பிணைப்பின் வலிமை 2010இல் வெளிப்பட்டது. சிக்கனத்தின் பொருட்டு '6 மியூசிக்' நிலையத்தை மூடிவிடப் பி.பி.சி. முகாமை முன்மொழிந்தபோது நேயர்கள் திரண்டு எதிர்த்தனர். அதன் ஆட்சிக் குழு அம்முன்மொழிவை நிராகரித்தது. பின்னர் அந்நிலையம் வாரந்தோறும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட நேயரைக் கொண்டதாக வளர்ந்தது. அவர்கள் காக்க முனைந்தது ஒரு தொழில்நுட்பத்தையன்று. தமக்கு உவப்பான ஒரு நிகழ்ச்சி மரபினையே ஆகும்.

மறுபுறத்தே, முதல் வாக்குறுதியாகிய ஒலித்தரம் காலப்போக்கிற் பின்தள்ளப்பட்டது. ஒரே அலைவரிசையில் நிலையங்களின் தொகையைக் கூட்டும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் குறைகின்றது. அதனால் ஒலியும் நலிவுறுகின்றது. பண்பலையில் அலை தளரும்போது இரைச்சல் கூடுமேயன்றிப் பேச்சு முற்றாக மறையாது. எண்முறையிலோ அலை ஓர் எல்லைக்குக் கீழே தாழ்ந்ததும் ஒலி குமிழிட்டுச் சிதறி அற்றுப்போகின்றது. 2007இல் மேம்பட்ட டி.ஏ.பி. பிளஸ் முறை வெளியானபோது, முன்னரே பணம் செலுத்திப் பெட்டி வாங்கியோரிற் பலரால் அதனைக் கேட்க இயலவில்லை. புதுமையை முதலில் வரவேற்றவரே முதலில் ஏமாற்றமுற்றமை கவனிக்கத்தக்கது.

பண்பலையை எப்போது நிறுத்துவது என்னும் வினாவுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு விடை கண்டன. பிரித்தானிய அரசு 2009இல் வெளியிட்ட அறிக்கை 2015ஆம் ஆண்டை இலக்காக்கியது. எனினும், வானொலி கேட்கும் நேரத்திற் பாதி எண்முறை வழியே அமைய வேண்டுமென நிபந்தனையும் விதித்தது. அவ்வளவு 2018இலேயே எட்டப்பட்டது. அக்கணக்கிலும் டி.ஏ.பி. மாத்திரமன்றித் தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியாகக் கேட்டலும் அடங்கும். அதன் பின்னரும் பண்பலை நிறுத்தப்படவில்லை. குறைந்தது 2030 வரை அது தொடர வேண்டுமென 2021இல் வெளிவந்த மீளாய்வு பரிந்துரைத்தது.

நோர்வேயோ துணிந்து முடிவெடுத்தது. மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த அந்நாட்டில் பண்பலை வலையமைப்பைப் பேணுதல் பெருஞ்செலவு பிடித்தது. அதில் ஐந்து தேசிய நிலையங்களுக்கே இடமிருந்தது. எண்முறையிலோ இருபதுக்கு மேற்பட்டவை இயங்கலாம். இரு வலையமைப்புகளை ஒருங்கே பேணுவது வீண் செலவு என்னும் அரசின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2017 சனவரி 11ஆம் திகதி வடபகுதி மாகாணமாகிய நூர்லானில் தொடங்கி, டிசெம்பர் 13ஆம் திகதியுடன் தேசிய நிலையங்களின் பண்பலைச் சேவை நிறுத்தப்பட்டது. ஒரு நாடு இவ்வாறு செய்தமை உலகில் இதுவே முதன்முறை. உள்ளூர் நிலையங்கள் பல மாத்திரம் பண்பலையில் எஞ்சின.

ஆனால் மாற்றத்துக்குச் சற்று முன் நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பில் மூன்றில் இரு பங்கினர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். ஏறத்தாழ 20 இலட்சம் கார்களில் எண்முறைப் பெட்டி இருக்கவில்லை. மாற்றத்தின் பின் நாளாந்தம் வானொலி கேட்போர் தொகையும் வீழ்ந்தது. சுவிற்சர்லாந்தின் அரச ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் பண்பலையை நிறுத்தியபோதும் இத்தகைய இழப்பே நேர்ந்தது. பழைய கதவை அடைத்தால் அனைவரும் புதிய கதவு வழியே வருவர் என்பது உறுதியன்று. சிலர் வாராமலே விட்டுவிடுவர். இனி, கதவைத் திறந்தும் எவரும் வாராத நாடுகளும் உள. பின்லாந்தின் அரச ஒலிபரப்பு நிறுவனம் 2005இலும், போர்த்துக்கல்லினது 2011இலும், அயர்லாந்தினது 2021இலும் தத்தம் டி.ஏ.பி. சேவைகளைக் கைவிட்டன.

இவ்விடத்து ஓர் உண்மை சிந்திக்கற்பாலது. இன்று எண்முறை வானொலிக்குப் போட்டியாக நிற்பது பண்பலை மாத்திரமன்று, கைத்தொலைபேசியும் ஆகும். இணைய வழிக் கேட்டலுக்கு மாதந்தோறும் கட்டணம் வேண்டும். தொடர்பு அறுந்தால் ஒலியும் அறும். யார் எதனைக் கேட்டார் என்பதும் பதிவாகும். வான்வழி ஒலிபரப்போ, பெட்டி ஒன்றிருந்தால், ஏழைக்கும் செல்வனுக்கும் ஒருசேரக் கிடைப்பது. கேட்பவர் யாரென வினவாதது. புயலும் வெள்ளமும் வந்த காலத்து அதன் அருமை நன்கு புலப்படும். நேயரைப் பண்பலையினின்று அவசரமாக வெளியேற்றும் அரசு, அவரை எண்முறை வானொலிக்கு அனுப்புவதாக எண்ணி, வான்வழி ஒலிபரப்பினின்றே அனுப்பிவிடக்கூடும். இம்மாற்றத்தில் உண்மையாகப் பணயம் வைக்கப்படுவது இப்பொதுவுடைமையே.

நம் நாட்டு அனுபவமும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும், அதன் வழிவந்த தமிழ் ஒலிபரப்பும் கடல் கடந்து தமிழகத்தில் எண்ணற்ற நேயரைப் பெற்றன. அலை ஏறியும் இறங்கியும், இரைச்சலோடு கலந்தும் வந்த ஒலியே அது. ஆயினும் பாடல்களைத் தொகுத்த முறையும், அறிவிப்பாளரின் செந்தமிழும், நேயரைப் பெயர் சொல்லி அழைத்த பண்பும் அவர்தம் உள்ளத்தைப் பிணித்தன. அக்குறையுள்ள அலை வென்றதும், குறையற்றதெனப் போற்றப்பட்ட அலை பல நாடுகளில் தோற்றதும் ஒரே காரணத்தாலேயாம்.

எனவே, எண்முறை வானொலி நேயரை ஈர்க்க வல்லதே. ஆயின் எண்முறை என்பதனால் அன்று. வேறெங்கும் கேளாத நிகழ்ச்சி, எளியோர்க்கு எட்டும் விலை, பழைய பெட்டியை வைத்திருப்போரைக் கைவிடாத பொறுமை ஆகிய மூன்றும் கூடுமிடத்து அது நிலைபெறும். கூடாவிடத்துச் சட்டத்தின் துணை கொண்டும் அது நேயரைப் பெறமாட்டாது. இவ்வழியிற் காலடி வைக்க எண்ணும் நாடுகள் ஒலிபரப்பிகளின் விலையைக் கணிக்குமுன் இவ்வரலாற்றைக் கற்றல் நன்று.